உறைந்த ஏரிக்கரையில் படமெடுக்க: எக்ஸ்போஷர், போலரைசர், ஐஸின் மேல் எவ்வளவு தூரம் போகலாம்?

கரைநிழல் கேட்டது:

வணக்கம். பிப்ரவரி முதல் வாரம் ஒரு பெரிய ஏரியின் கரையில் தங்கிப் படமெடுக்கத் திட்டம். விடியற்காலையில் மைனஸ் 15 முதல் மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும், பகலில் மைனஸ் 5. ஏரி முழுக்க உறைவதில்லை. கரையோரமும் சில குடாக்களும்தான் உறையும். காற்றடித்தால் அலை வந்து கரை ஐஸில் மோதும். கையில் இருப்பவை: ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா, 16-35, 70-200 லென்ஸ்கள், கார்பன் ட்ரைபாட், போலரைசர் (பளபளப்பை அடக்கும் ஃபில்டர்), 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி), மூன்று பேட்டரி.

கடற்கரையில் எடுத்துப் பழக்கம் உண்டு, பனி புதிது. எங்கு பார்த்தாலும் வெள்ளை என்கிற இடத்தில் கேமராவின் ஒளிமீட்டரை எந்த அளவு நம்பலாம்? ஐஸுக்குள் தெரியும் விரிசலையும் குமிழ்களையும் எடுக்கப் போலரைசர் கட்டாயமா? காலடியில் ஐஸ், பின்னால் அடிவானம் என்றால் ஒரே ஃபோகஸில் முடியுமா? கரையை விட்டு ஐஸின் மேல் எவ்வளவு தூரம் போகலாம்?

எஃப்பதினொன்று எழுதியது:

எதைக் காட்டினாலும் அது நடுச்சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதுதான் மீட்டரின் இயல்பு. வெயில்பட்ட பனி அந்தச் சாம்பலைவிட இரண்டு ஸ்டாப்புக்கு மேல் வெளுப்பு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). அதனால் மீட்டர் சொன்னபடியே எடுத்தால் பனி அழுக்குச் சாம்பலாக விழும். ஃபிரேமில் முக்கால்வாசி வெயில்பட்ட பனி என்றால் எக்ஸ்போஷரைப் பிளஸ் 1.7 முதல் பிளஸ் 2 ஸ்டாப் வரை ஏற்றுங்கள். மேகமூட்டமான நாளில் பிளஸ் 1 அல்லது 1.3 போதும். பனி மூடாத கறுப்பு ஐஸ் ஃபிரேமை நிறைத்தால் கதை தலைகீழ்: பூஜ்ஜியம், சில சமயம் மைனஸ் 0.7.

ஏரிக்கரையில் சிக்கலே இங்குதான். ஒரு பக்கம் பனி, பத்து டிகிரி திரும்பினால் கறுப்பு ஐஸ். பிளஸ் 1.7 வைத்ததை மறந்து திரும்பினால் அடுத்த படம் வெளுத்துப்போகும். அதனால் மேனுவல் மோடுக்குப் போய்விடுவது நல்லது. ஃபிரேமில் நீங்கள் விவரம் காக்க விரும்பும் ஆக வெளுப்பான பனியை ஸ்பாட் மீட்டரில் பிடித்து, அது பிளஸ் 2-இல் நிற்கும்படி ஷட்டரை வையுங்கள். வெளிச்சம் மாறும் வரை கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த அளவே சரி.

ஹிஸ்டோகிராமை (ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறங்களும் தனித்தனியாகத் தெரியும்படி வைத்துப் பாருங்கள். நிழலில் கிடக்கும் பனிக்கு வெளிச்சம் தருவது நீல வானம். அங்கே நீலச் சேனல்தான் முதலில் வலது எல்லையில் முட்டி விவரம் இழக்கும். சூரியன் எழும்போது நேர் வெளிச்சம் பட்ட பனியில் சிவப்பு முட்டும். வெள்ளைக் கோடாக ஒரே ஹிஸ்டோகிராம் பார்ப்பவர்களுக்கு இரண்டுமே தெரியாது.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5,300 கெல்வின் பக்கம் நிறுத்திவிடுங்கள். ரா ஃபைலில் எப்படியும் மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் ஆட்டோவில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நிறம் தாவும். களத்தில் பார்க்கிற ஹிஸ்டோகிராமும் அதோடு ஆடும். பனோரமா எடுத்தால் இன்னும் தொல்லை.

ஃபோகஸ்: 16 மி.மீ., எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு) என்றால் 78 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் 40 செ.மீ. முதல் அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை. அதைவிடக் கிட்டே ஐஸ் இருந்தால் எஃப் 16, 22 என்று துளையைச் சிறிதாக்காதீர்கள். டிஃப்ராக்‌ஷனால் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவது) விரிசலின் நுண்கோடுகள் மழுங்கும். எஃப் 8-இல் இரண்டு ஃபிரேம் எடுத்து எடிட்டிங்கில் ஒன்றாக அடுக்குங்கள். 40 செ.மீ-இல் வைத்த ஃபோகஸ் சுமார் 29 முதல் 64 செ.மீ. வரை பார்த்துக்கொள்ளும், 1.1 மீட்டரில் வைத்தது அரை மீட்டருக்கு அப்பால் எல்லாவற்றையும். 45 மெகாபிக்ஸலுக்கு மேற்பட்ட கேமரா என்றால் அடிவானத்துக்கென்று மூன்றாவது ஒன்று சேருங்கள். நீர் அசையும் பகுதியை மட்டும் ஒரே ஃபிரேமிலிருந்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அலை இரட்டை இரட்டையாகத் தெரியும். வெறும் பனியில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். விரிசலின் விளிம்பு, கல்லும் ஐஸும் சேரும் கோடு என்று ஏதாவது மாறுபாடு உள்ள இடத்தில் பிடித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள்.

6 ஸ்டாப் என்டிக்கு அங்கே வேலை குறைவு. 30 செகண்டு வைத்தால் நீரும் வெளுத்து, ஐஸும் வெளுத்து, எல்லைக்கோடு கரைந்துவிடும். ஐஸ் விளிம்பில் அலை ஏறி இறங்குவதைக் கோடுகளாகக் காட்ட கால் செகண்டு முதல் ஒரு செகண்டு வரை போதும். விடியற்காலையில் எஃப் 11, ஐஎஸ்ஓ 100-இலேயே அது கிடைத்துவிடும். வெளிச்சம் கூடினால் போலரைசரே ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறைத்துத் தரும். அதை லென்ஸிலேயே விட்டுவைப்பது என் கட்சி.

கடப்பாரை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு என் பதில். திறந்த நீரும் அலையும் உள்ள ஏரி என்கிறீர்கள். அந்தக் கரையில் போகக்கூடிய தூரம் பூஜ்ஜியம்.

காரணம் இது. அலை தூக்கி எறியும் சாரலும் குழைபனியும் கரையில் அடுக்கடுக்காக உறைந்து ஒரு மேடையாக வளர்கிறது. மேலே பனி மூடி, காற்று கொண்டுவந்த மணலும் படிந்தால், கரை நீண்டிருக்கிறது என்றே கண்ணுக்குப் படும். உள்ளே அது கெட்டியான ஐஸ் அல்ல, பொந்துகள் நிறைந்தது. அடியில் அலை அரித்துக்கொண்டே இருப்பதால் எந்த இடம் தாங்கும், எது தாங்காது என்று மேலிருந்து சொல்ல முடியாது. சில இடங்களில் அலை கீழிருந்து பீய்ச்சிக் கூம்பு கூம்பாக மேடு கட்டியிருக்கும். எரிமலை போல நடுவில் துளை. படத்துக்கு அருமையாக இருக்கும், கிட்டே போகத் தூண்டும். உள்ளே விழுந்தால் சுற்றிலும் ஐஸ் சுவர். பிடித்து ஏற எதுவும் இருக்காது, கரையில் நிற்பவர் கண்ணுக்கும் படமாட்டீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரைகளில் குளிர்காலம்தோறும் இதற்கு எச்சரிக்கை விடுகிறார்கள். இந்த மேடையை 70-200 லென்ஸில் பக்கவாட்டுக் கரையிலிருந்து எடுங்கள், அதுவே அழகாக அமையும். நிலம் எங்கே முடிகிறது என்பதைப் பனியில்லாக் காலத்துச் சாட்டிலைட் படத்தில் முன்கூட்டியே பார்த்து, மரம், பாறை என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

அலை எட்டாத, முழுக்க உறைந்த குடா வேறு விஷயம். அங்கே பொதுவாகச் சொல்லப்படும் அளவு: ஒருவர் நடக்கத் தெளிந்த புது ஐஸ் குறைந்தது 10 செ.மீ. வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருப்பது பனி ஊறி உறைந்த ஐஸ். பலம் பாதிதான், அதனால் இரட்டிப்புத் தடிமன் வேண்டும். கரையில் ஒருமுறை அளந்துவிட்டு உள்ளே நடக்கக் கூடாது. ஓடை வந்து சேரும் இடம், நீர் வெளியேறும் இடம், நாணல், துருத்தும் பாறை, படகுத்துறைக் கால்கள், இவற்றைச் சுற்றிப் பத்தடிக்குள் தடிமன் பாதியாகிவிடலாம். பனிக்குவியலின் கீழும் ஐஸ் மெலிதாகவே இருக்கும், பனி குளிரை உள்ளே விடாது. கூர்முனைக் கடப்பாரையால் முன்னே தட்டிக்கொண்டே போங்கள்; ஒரே குத்தில் நீர் வந்தால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். குளிர்கால இறுதியில் வெயில் பட்டு நெட்டுக்குத்தாகக் குச்சி குச்சியாகப் பிரியும் ஐஸ் எவ்வளவு தடிமனானாலும் நம்பத்தக்கதல்ல.

ஐஸ் பிடிக்கும் ஆணிக் கைப்பிடிகள் கழுத்தில் தொங்க வேண்டும், பையில் அல்ல. மிதவைச் சட்டை, கயிற்றோடு கரையில் இன்னொருவர். ஐஸின் மேல் இருக்கும்போது கேமராப் பையின் மார்புப் பட்டையும் இடுப்புப் பட்டையும் கழன்றே இருக்கட்டும். விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது, அந்த நேரம் மிதப்பது மட்டுமே வேலை. அடுத்து ஏறத்தாழ பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். வந்த திசைக்கே திரும்புங்கள், அந்த ஐஸ்தான் உங்களைத் தாங்கியது. ஆணிகளைக் குத்தி, காலை உதைத்து உடம்பைக் கிடைமட்டமாக்கி வழுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு வாருங்கள்.

இவ்வளவுக்கும் உள்ளே போக வேண்டிய தேவை குறைவு என்பதே என் கருத்து. கண்ணாடி மாதிரித் தெளிந்த ஐஸ் உருவாவது காற்றில்லாத கடுங்குளிர் இரவில், பனி விழுமுன். அதாவது நல்ல ஐஸ் பெரும்பாலும் மெல்லிய ஐஸ். ஆழமற்ற குடாதான் முதலில் உறையும். இலையும் குமிழும் நாணலும் சிக்குவது கரையிலிருந்து ஒரு மீட்டருக்குள். உறைந்த பிறகு நீர்மட்டம் இறங்கினால் கற்களைச் சுற்றி ஐஸ் தட்டுகள் தொங்கும், அடியில் காற்று புகுந்து வெள்ளை வளையங்கள் தெரியும். எல்லாம் கரையில் மண்டியிட்டே எடுக்கலாம். சைபீரியாவின் பைக்கால் ஏரியின் நீல ஐஸ் படங்களைப் பார்த்து உள்ளே போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிப்ரவரி, மார்ச்சில் அங்கே ஐஸ் மீட்டர் கணக்கில் தடிக்கும். அதை வைத்து வேறு ஏரியை எடைபோட முடியாது.

காற்று எந்தக் கரையை நோக்கி வீசியது என்று முந்தைய நாள் வானிலையைப் பாருங்கள். உடைந்த ஐஸ் தகடுகள் குத்திட்டுக் குவிவதும், சாரல் பட்டுக் கிளைகளில் ஐஸ் உறை ஏறுவதும் அந்தக் கரையில்தான். காற்று ஓயாதவரை குவியலுக்கு அருகே போக வேண்டாம். உள்ளிருந்து தள்ளும் ஐஸ் சில நிமிடங்களில் கரையேறிவிடும்.

மூன்றாம்கால் எழுதியது:

போலரைசரை லென்ஸிலேயே விட்டுவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்கைப் பாருங்கள். ஐஸின் மேற்பரப்புப் பிரதிபலிப்பு முழுதும் அடங்குவது, பார்வை மேற்பரப்போடு சுமார் 37 டிகிரி சாய்வில் விழும்போது மட்டும். கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த இடம் இரண்டு மீட்டர் முன்னால். அரை மீட்டர் உயரத்துக்கு இறக்கினால் 65 செ.மீ. முன்னால். அதைத் தாண்டித் தொலைவு போகப் போகப் பார்வை தழைந்து, ஃபில்டரைத் திருகினாலும் பலன் குறைகிறது. எல்லோரும் தாழ வைத்து 16 மி.மீ-இல் எடுக்கிறார்கள். காலடியில் ஒரு கறுப்பு வட்டம், அதற்கப்பால் வெள்ளைப் பளபளப்பு. கூடவே வானம் நடுவில் கருத்து ஓரங்களில் வெளுத்துத் திட்டாகும்.

ஐஸுக்குள் இருப்பதுதான் விஷயம் என்றால் கேமராவை உயர்த்தி, 28-35 மி.மீ-இல் கீழ்நோக்கிச் சாய்த்து, அடிவானத்தை விட்டுவிட்டுப் போலரைசரைப் பயன்படுத்துங்கள். கனடாவில், ஆல்பர்ட்டாவின் ஆப்ரகாம் ஏரியில் அடுக்கடுக்காக உறைந்த மீத்தேன் குமிழ்களுக்கு இதுதான் ஏற்ற கோணம். அடிவானமும் வேண்டும், தாழ்ந்த கோணமும் வேண்டும் என்றால் ஃபில்டரைக் கழற்றுங்கள். வானத்தின் நிறம் ஐஸில் விழுவதே அந்தப் படத்தின் பலம். இரண்டும் ஒரே படத்தில் வேண்டுமானால் ஃபில்டரைத் திருகி இரண்டு ஃபிரேம் எடுத்துச் சேர்க்கலாம். எவ்வளவு திருகுவது என்பதிலும் ஒரு எச்சரிக்கை: முழுதாக வெட்டினால் ஐஸ் ஐஸாகவே தெரியாது, சேறு தெரியும். கொஞ்சம் பளபளப்பு மிச்சம் இருக்கட்டும்.

மெல்லிய விரிசலும் காற்று வரித்த பனி வரிகளும் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எழும்பும். குத்திட்ட தகடுகளுக்குப் பின்வெளிச்சம். உச்சிப் பொழுதில் இரண்டும் தட்டை.

ட்ரைபாட். ரப்பர் பாதம் ஐஸில் வழுக்கும், கூர்முனை மாட்டுங்கள். குழைபனியில் வைப்பதானால் மேல் பகுதிகளை விட்டுவிட்டு ஆகக் கீழ்ப் பகுதியை முதலில் நீட்டுங்கள். பூட்டு நீருக்கு மேலே நிற்கும். பூட்டுக்குள் நீர் புகுந்தால் பத்து நிமிடத்தில் உறைந்து கால் மடங்காது. ஆழமான பனியில் கால்களை முழுதும் விரித்து அமுக்கக் கூடாது. பனி கால்களை இன்னும் அகலத் தள்ளும், மேல் மூட்டு உடையும் இடம் அதுதான். கொஞ்சம் குறுக்கி வைத்து, கெட்டியான தரை தட்டும் வரை ஒவ்வொரு காலாக இறக்குங்கள். பிளேட் மாட்டும் தாடையில் பனி அடைந்திருந்தால் பூட்டியது போலத் தெரியும், ஆனால் ஆடும். ஒவ்வொரு முறையும் ஊதிவிட்டு மாட்டவும். பால்ஹெட்டில் கிரீஸ் இறுகி நகர்வு கனக்கும், அது பழுதல்ல. அலை மோதும் ஐஸ் விளிம்பு அதிரும் என்பதால் நீண்ட எக்ஸ்போஷருக்குக் கால்கள் கல்லிலோ மண்ணிலோ ஊன்றியிருக்க வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. தொடாத பனி ஒருமுறைதான் கிடைக்கும். படத்துக்குள் வரப்போகும் பகுதியைப் பின்னாலிருந்தே அணுகுங்கள், முதலில் அகலமான படத்தை எடுங்கள், பிறகு முன்னேறுங்கள். பூட்ஸ் ஆணிகள் கறுப்பு ஐஸில் வெள்ளைக் கீறல் போடும். எடிட்டிங்கில் அதை நீக்குவது பெரும்பாடு. ஐஸில் பூத்த மெல்லிய பனிப்பூக்கள் மூச்சுக்காற்று பட்டாலே உருகும்; 70-200-இல் தள்ளி நின்று எடுங்கள்.

கரைநிழல் எழுதியது:

நன்றி, ஐஸின் மேல் போகும் எண்ணத்தைக் கைவிட்டாயிற்று. கரையிலேயே நின்றாலும் சாரல் லென்ஸில் பட்டு உறையுமே, அதற்கு என்ன செய்வது? தங்கும் இடம் ஹீட்டர் போட்ட அறை. ஒரு நாளில் மூன்று நான்கு முறை உள்ளே வெளியே போக வேண்டியிருக்கும்.

ஈரக்கையுறை எழுதியது:

உறைந்த துளியைத் துணியால் தேய்க்காதீர்கள். கைச்சூட்டில் அரைகுறையாக உருகி, பரவி, மெல்லிய படலமாக மறுபடி உறையும். அதற்குத் துளியே மேல். யூவி ஃபில்டர் இரண்டு வைத்துக்கொண்டு, ஒன்று கெட்டால் மற்றதை மாட்டுங்கள். திருகை இறுக்கிவிட்டால் குளிரில் கழலாது, தொட்டு நிற்கும் அளவு போதும். ஹூட் போட்டு, அலைகளுக்கு நடுவில் லென்ஸைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து வையுங்கள். உலர்ந்த பனித்துகளுக்கு ஊதுபந்து அல்லது பிரஷ். வாயால் ஊதவே கூடாது. வியூஃபைண்டரும் இதே காரணத்தால்தான் மங்குகிறது. முகத்தை மூடிய மஃப்ளர் மூச்சை நேராக மேலே ஐபீஸுக்கு அனுப்பும். ஸ்கிரீனைப் பார்த்து எடுப்பது சுலபம், ஆனால் கடுங்குளிரில் ஸ்கிரீன் மந்தமாகும். படம் தாமதமாக அசைந்தால் பதறாதீர்கள், பதிவாகும் படத்துக்கு அதனால் குறையில்லை.

உள்ளே வெளியே விவகாரம்தான் கேமராவைக் கெடுக்கும். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தாலே 6 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த எதன் மேலும் நீர் படியும். மைனஸ் 15-இல் இருந்த கேமராவின் மேல் மட்டுமல்ல, லென்ஸுக்குள்ளும் படியும். வெளியே நிற்கும்போதே பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிடுங்கள். கேமராவை ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடிய பிறகு உள்ளே கொண்டு போங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் படியும். இரண்டு மூன்று மணி நேரம் திறக்க வேண்டாம். 70-200 கனமானது, அதற்கு இன்னும் நேரம் ஆகும். ஹீட்டர் பக்கம் வைத்து அவசரப்படுத்தக் கூடாது. ஒரு மணி நேரத்தில் திரும்பப் போவதானால் உள்ளே கொண்டுவரவே வேண்டாம். சூடில்லாத முன்கூடத்திலோ காரின் டிக்கியிலோ விட்டுவிட்டுப் பேட்டரியை மட்டும் கொண்டு வாருங்கள். கோட்டுக்குள் கேமராவை அணைத்து வைப்பதும் தவறு. வியர்வையின் ஈரம் படிந்து, வெளியே எடுத்ததும் அதுவே உறையும்.

பேட்டரி தீர்ந்ததாகக் காட்டுவது பாதி நேரம் பொய். குளிரில் உள் எதிர்ப்பு ஏறி வோல்டேஜ் சரிகிறது, கேமரா அணைகிறது. சூடானதும் சார்ஜ் திரும்பும். ஒன்று கேமராவில், இரண்டு உள்சட்டைப் பையில் என்று வைத்து, 30 சதவீதம் காட்டும்போதே மாற்றுங்கள். அந்தப் பையில் சாவி, சில்லறை கூடாது, ஷார்ட் ஆகும். குளிர்ந்த பேட்டரியை உடனே சார்ஜரில் போடாதீர்கள்; பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். எடுத்த படம் தானாகத் திரையில் வருவதையும் வைஃபையையும் அணைத்து வையுங்கள். கைச்சூட்டுப் பொட்டலம் வைப்பவர்கள் கவனிக்க: அது இரும்புத்தூள் காற்றில் துருவேறும் சூடு. காற்றுப் புகாத பையில் போட்டால் அணைந்துவிடும்.

கைக்கு மெல்லிய உள்ளுறை, மேலே விரல் திறக்கும் மிட்டன். முழங்காலுக்கும் பாதத்துக்கும் அடியில் ஒரு ஃபோம் பாய். அசையாமல் நிற்பவருக்குச் சூடு இறங்குவது பாதத்தின் வழியாகத்தான்.

எஃப்பதினொன்று எழுதியது:

மூன்றாம்கால் சொன்ன 37 டிகிரி கணக்கு சரி. ஆனாலும் ஈரமான பாறைக்கும் ஐஸ் பூசிய கிளைக்கும் போலரைசர் கோணம் பார்க்காமல் உதவுகிறது, அங்கே நான் கழற்றமாட்டேன். ஒன்று மட்டும்: அதன் சுழலும் வளையத்தில் சாரல் உறைந்தால் திருகாது. ஃபிரேமை அமைத்ததும் முதல் வேலையாகத் திருகிவிடுங்கள்.

எடிட்டிங் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் இரண்டு வரி. வெயில்பட்ட பனி (0 கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற அளவில்) 255-இல் அல்ல, 235 முதல் 245 வரை நிற்கட்டும். 255 சூரியன் மின்னும் புள்ளிகளுக்கு மட்டும். நிழல் நீலத்தை மொத்த ஒயிட் பேலன்ஸால் துடைத்தால் வெயில் பக்கம் மஞ்சளாகும். நிழலுக்கு மட்டும் மாஸ்க் போட்டு நீலத்தின் செறிவைப் பாதியாக்கினால் போதும். டீஹேஸை (மங்கலை நீக்கும் எடிட்டிங் கருவி) ஏற்றும்போது அடிவானத்துப் பனிமூட்டம்தான் முதலில் போகும். தூரம் தெரிவதே அதனால்தான், அந்தப் பகுதியை மாஸ்க்குக்கு வெளியே விடுங்கள்.